பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்கும் முன்: 12 தந்திச் சுருதி, பெடல், லீவர் தேர்வு – நீலகிரியில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருந்துகொண்டு பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு (தந்தி மேல் உலோகப் பாரை வழுக்கி, கால் பெடலாலும் முழங்கால் லீவராலும் தந்தியின் சுரத்தை மாற்றி வாசிக்கும் கருவி) ஆர்டர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பணம் அனுப்பும் முன் ஒரு தாளை நிரப்பியாக வேண்டும். எத்தனை தந்தி, ஒவ்வொன்றும் எந்தச் சுரம், எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு ஏற்றும், எந்த முழங்கால் லீவர் எதை இறக்கும் என்ற விவரம் அதில் இருக்கும். கோபெடன்ட் அட்டவணை என்பது அதுதான். கருவி செய்பவர் அதைப் பார்த்துத்தான் பெடலிலிருந்து தந்தியை இழுக்கும் இழுகம்பிகளை அடியில் பூட்டுவார். அட்டவணையில் தப்பு இருந்தால் கருவியிலும் அதே தப்பு இருக்கும். வந்த பிறகு இங்கே அதைத் திருத்திக் கொடுக்கும் ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்தத் தாளைப் பற்றியதுதான்.

சாதாரணக் கிட்டாரோ மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டாரோ ஓரளவு பழகியவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. முதலில் பாட்டுப் பட்டியல்

நீங்கள் நிஜமாக வாசிக்கப்போகும் இருபது பாட்டுகளை எழுதுங்கள். கீர்த்தனை, ஆங்கில காஸ்பல், திரைப்பாட்டு, படகர் பாட்டு எதுவானாலும் சரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று குறிப்புகள் வேண்டும்: மெட்டை வாசிக்கப் போகிறீர்களா, பின்னால் கார்ட் பிடிக்கப் போகிறீர்களா? கூட பேஸ் கிட்டாரோ கீபோர்டோ உண்டா? 6, 9, மேஜர் 7 போன்ற கார்ட்கள் அடிக்கடி வருகின்றனவா?

12 தந்தி வேண்டுமா என்பதற்கு இந்தக் குறிப்புகளிலேயே பதில் இருக்கும். 10 தந்தி ஈ9 சுருதியின் அடித் தந்தி பி, ஏறக்குறைய 123 ஹெர்ட்ஸ். நீட்டித்த ஈ9-இன் அடித் தந்தி ஈ, 82 ஹெர்ட்ஸ். யுனிவர்சல் சுருதியின் அடி பி, 62 ஹெர்ட்ஸ். (இந்தச் சுருதிகளின் விவரம் 2, 4-ஆம் பகுதிகளில்.) இந்தக் கடைசிச் சுரம் பேஸ் கிட்டார் நடமாடும் இடத்தில் விழுகிறது. தேவாலயச் சபையில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒருவர் இருந்தால் இரண்டும் மோதி ஒலி கலங்கும். சுவரில் மாட்டிய சின்னத் தூண் வடிவ ஸ்பீக்கர் வழியாகத்தான் உங்கள் ஒலி போகிறது என்றால் 62 ஹெர்ட்ஸ் அநேகமாகக் கேட்கவே கேட்காது. கேட்காத தந்திக்காகக் கூடுதல் பணமும் எடையும் எதற்கு?

தனியாகவோ பாடகர் ஒருவருடன் மட்டுமோ வாசிப்பவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு அடித் தந்திகள் உயிர்.

கீர்த்தனை மெட்டுகளே பட்டியலில் அதிகம் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். கோட்டுவாத்தியத்தில் கட்டையால் கமகம் எடுப்பதுபோல இங்கேயும் கமகம் பாரில்தான் வரும். பெடல் ஒரு சுரத்திலிருந்து குறிப்பிட்ட இன்னொரு சுரத்துக்குப் போய் நிற்கும், அவ்வளவுதான். மெட்டுக்காக மட்டும் வாசிப்பவருக்கு மூன்று பெடல், நான்கு லீவர் போதும்.

2. 10 தந்தி ஈ9-ஐ மனப்பாடம் செய்யுங்கள்

நீட்டித்த சுருதிகள் எல்லாமே இதன் மேல் கட்டியவை. வாசிப்பவருக்கு எட்டத்தில் இருப்பது 1-ஆம் தந்தி. சுரத்துக்குப் பின் வரும் எண் தந்தியின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்.

1: எஃப் ஷார்ப், 013
2: டி ஷார்ப், 015
3: ஜி ஷார்ப், 011
4: ஈ, 014
5: பி, 017
6: ஜி ஷார்ப், 020
7: எஃப் ஷார்ப், 026 சுற்றுத்தந்தி
8: ஈ, 030 சுற்றுத்தந்தி
9: டி, 034 சுற்றுத்தந்தி
10: பி, 036 சுற்றுத்தந்தி

முதல் இரண்டு தந்திகளும் மூன்றாவதைவிடக் கீழே ஒலிப்பவை. கிட்டார் பழக்கத்தில் மெலிதிலிருந்து கனத்துக்கு வரிசையாக மாட்டினால் 014 தந்தி மூன்றாம் இடத்துக்கு வந்து, ஜி ஷார்ப்புக்கு இழுக்கும்போதே அறுந்துவிடலாம். புதியவர்கள் பணம் இழக்கும் முதல் இடம் இது.

அடிப்படை மாற்றங்கள் (முதலில் சொல்வது பழைய சுரம், அடுத்தது மாறிய சுரம்):

ஏ-பெடல்: 5, 10-ஆம் தந்திகளில் பி, சி ஷார்ப் ஆகும்.
பி-பெடல்: 3, 6-ஆம் தந்திகளில் ஜி ஷார்ப், ஏ ஆகும்.
சி-பெடல்: 4-இல் ஈ, எஃப் ஷார்ப் ஆகும், 5-இல் பி, சி ஷார்ப் ஆகும்.
எஃப் லீவர்: 4, 8-இல் ஈ, எஃப் ஆகும்.
ஈ இறக்கும் லீவர்: 4, 8-இல் ஈ, டி ஷார்ப் ஆகும்.
இன்னொரு லீவர்: 2-இல் டி ஷார்ப் டி-ஆகவும், 9-இல் டி சி ஷார்ப் ஆகவும் இறங்கும்.
ஐந்தாவது லீவர்: 5-இல் பி, பி ஃப்ளாட் ஆகும்.

இவை எதற்கு என்று ஒருமுறை தாளிலேயே வாசித்துப் பாருங்கள். பார் வைக்காமல் 8, 6, 5, 4 தந்திகள் ஈ மேஜர். ஏ, பி பெடல்கள் இரண்டையும் மிதித்தால் அதே இடத்தில் ஏ மேஜர். ஏ-பெடல் மட்டும் என்றால் சி ஷார்ப் மைனர். ஏ-பெடலோடு எஃப் லீவர் சேர்ந்தால் சி ஷார்ப் மேஜர். ஆக ஈ மேஜர் கார்ட் பெடல் இல்லாமல் தொடக்கத்திலும், ஏ-பெடலும் எஃப் லீவருமாக 3-ஆம் ஃபிரெட்டிலும், ஏ, பி பெடல்களோடு 7-ஆம் ஃபிரெட்டிலும் கிடைக்கிறது. இந்த மூன்று இடங்களும் கைக்கு வந்தால் பெரும்பாலான காஸ்பல் பாட்டுகளுக்குப் போதும்.

3. பெடல் வரிசை: எமன்ஸா, டேயா?

இடமிருந்து வலம் ஏ, பி, சி என்று போவது எமன்ஸ் அமைப்பு. சி, பி, ஏ என்று போவது டே அமைப்பு. ஒலியில் வித்தியாசம் இல்லை, காலுக்குத்தான் வித்தியாசம். எமன்ஸில் எஃப் லீவர் இடது முழங்காலின் இடப்பக்கம், ஈ இறக்கும் லீவர் அதே முழங்காலின் வலப்பக்கம். டே-யில் இந்த இரண்டும் இடம் மாறும்.

ஏ-பெடலும் எஃப் லீவரும் எப்போதும் சேர்ந்தே வருகிற ஜோடி. பாதம் சாயும் பக்கமே முழங்காலும் சாய வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. பெடலை ஒரு அமைப்பிலும் லீவரை மற்றொரு அமைப்பிலும் கலந்து எழுதினால், பாதம் ஒரு பக்கமும் முழங்கால் எதிர்ப் பக்கமும் போகும். கணுக்கால் வலிக்கும், பி-பெடலும் தானாக அமுங்கும். பாடப் பொருள்களில் பெரும்பாலானவை எமன்ஸ் அமைப்பை வைத்தே எழுதப்படுவதால், கணுக்கால் பிரச்சினை இல்லாதவர்கள் எமன்ஸையே எடுங்கள்.

4. நீட்டிப்பதற்கு மூன்று வழிகள்

*நீட்டித்த ஈ9, 12 தந்தி.* மேலே சொன்ன பத்தும் அப்படியே இருக்கும். 11-ஆக ஜி ஷார்ப், 12-ஆக ஈ சேரும். பி-பெடல் 3, 6-உடன் 11-ஐயும் ஏற்றும். எஃப் லீவர், ஈ இறக்கும் லீவர் இரண்டும் 12-ஐயும் இழுக்க வேண்டுமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். அடி ஈ பெரும்பாலும் பேஸ் சுரமாகவே நிற்கும் என்பதால் நான் இழுக்கச் சொல்ல மாட்டேன். லீவரும் இலகுவாக இருக்கும். ஏற்கெனவே படித்த எதையும் மறக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய பலம்.

*ஈ9/பி6 யுனிவர்சல், 12 தந்தி.* வரிசை: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், ஈ, பி. ஒன்பதாம் இடத்து டி போய்விட்டதைக் கவனியுங்கள். 4, 8-ஆம் தந்திகளின் ஈ-யை டி ஷார்ப் ஆக இறக்கிப் பிடித்தால் கருவி முழுவதும் பி6 ஆகிறது. ஜாஸுக்கும் ஸ்விங்குக்கும் பயன்படும் சி6 சுருதி அரைச் சுரம் கீழே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய திரைப்பாட்டுகளின் 6, 9 கார்ட்களுக்கு இது அருமையான இடம்.

*இரட்டைக் கழுத்து.* ஒன்றில் ஈ9, இன்னொன்றில் சி6, ஒவ்வொன்றிலும் 10 தந்தி, வழக்கமாக 8 பெடல். பெட்டியோடு 30 கிலோவைத் தாண்டும். தேவாலயப் படிக்கட்டு, ஜீப், மழை இவற்றுக்கு நடுவில் தூக்கிப் போக வேண்டியவர்கள் இதை விட்டுவிடலாம். வீட்டிலேயே வைத்து வாசிப்பவர்கள் மட்டும் யோசியுங்கள்.

என் கருத்து இது: பேஸ் கிட்டாரோடு சபையில் வாசிப்பவருக்கு 10 தந்தி ஈ9, மூன்று பெடல், ஐந்து லீவர். தனியாகப் பாடலுக்குத் துணை வாசிப்பவருக்கு நீட்டித்த ஈ9. பட்டியலில் பாதிப் பாட்டுக்கு 6, 9 கார்ட் வேண்டும் என்பவருக்கு மட்டும் யுனிவர்சல். எதிர்காலத்துக்கு இருக்கட்டும் என்று யுனிவர்சல் வாங்குகிறவர்கள் ஏழு பெடலில் நான்கைத் தொடாமலே வருடங்களைக் கழிக்கிறார்கள். தொடாத பெடலுக்கும் கம்பி, கிராங்க், சுருதி சரிபார்ப்பு எல்லாம் உண்டு.

5. அட்டவணையை எழுதி, இழுவைகளை எண்ணுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப்போகும் படி இது. குறுக்கே தந்தி எண், நெடுக்கே பெடலும் லீவரும் போட்டுக் கட்டம் வரையுங்கள். லீவர்களுக்கு ஆங்கில அட்டவணைகளில் எல்.கே.எல், எல்.கே.ஆர், எல்.கே.வி, ஆர்.கே.எல், ஆர்.கே.ஆர் என்று இருக்கும்: இடது முழங்கால் இடப்பக்கம், வலப்பக்கம், மேல்நோக்கி, வலது முழங்கால் இடப்பக்கம், வலப்பக்கம். கருவி செய்பவருக்கு அனுப்பும் பிரதியில் இந்தக் குறியீடுகளையே போடுங்கள்.

கட்டங்களை நிரப்பியதும் ஒவ்வொரு தந்திக்கும் எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம் என்று எண்ணுங்கள். கருவியின் வலது கோடியில் தந்தியைப் பிடித்திருக்கும் சேஞ்சருக்கு ஓர் எல்லை உண்டு. மூன்று ஏற்றம், இரண்டு இறக்கம் என்பது பரவலான அளவு. அதற்குமேல் கம்பி மாட்ட ஓட்டை இருக்காது.

யுனிவர்சலை வைத்து எண்ணிப் பார்ப்போம். பி6 பக்கத்துக்கு வழக்கமான நான்கு பெடல்கள், சி6-இல் வழங்கும் எண்களிலேயே:

5-ஆம் பெடல்: 7-இல் எஃப் ஷார்ப், எஃப் ஆகும், 11-இல் ஈ, எஃப் ஆகும்.
6-ஆம் பெடல்: 4-இல் டி ஷார்ப், ஈ ஆகும், 8-இல் டி ஷார்ப், டி ஆகும்.
7-ஆம் பெடல்: 5-இல் பி, சி ஷார்ப் ஆகும், 6-இல் ஜி ஷார்ப், ஏ ஷார்ப் ஆகும்.
8-ஆம் பெடல்: 9-இல் பி, சி ஆகும்; 11-இல் ஈ, டி ஷார்ப் ஆகும்; 12-இல் பி, ஜி ஷார்ப் ஆகும்.

இப்போது ஐந்தாம் தந்தி. ஏ-பெடல் ஒரு ஏற்றம், சி-பெடல் ஒரு ஏற்றம், 7-ஆம் பெடல் ஒரு ஏற்றம். போய்ச் சேரும் சுரம் மூன்றிலும் ஒன்றேதான் என்றாலும் தனித்தனிக் கம்பிகள். மூன்று ஏற்றமும் தீர்ந்துவிட்டது. பி ஃப்ளாட் லீவர் ஒரு இறக்கம். இது சரியாகப் பொருந்தும்.

எட்டாம் தந்தி. ஈ இறக்கும் லீவர் ஒரு இறக்கம். 6-ஆம் பெடல் இரண்டாவது. காணாமல்போன டி-யை மீட்க ஈ-யை டி வரை இறக்கும் லீவரை இந்தத் தந்தியில் வைத்தால் மூன்றாவது. இரட்டை இறக்க சேஞ்சரில் இதற்கு இடமில்லை. ஒன்பதாம் தந்தியில் பி-யை டி வரை ஏற்றுவது மாற்று வழி. ஆனால் அது மூன்று அரைச் சுரம் தூரம். லீவர் நெடுந்தூரம் போகும், கனமாகவும் இருக்கும். இதைக் கருவி வருவதற்கு முன் கண்டுபிடித்தால் ஒரு ரப்பரும் பென்சிலும் போதும். பின்னால் கண்டுபிடித்தால் சேஞ்சரையே மாற்ற வேண்டும்.

பி6-இல் நெடுநேரம் வாசிக்க ஈ இறக்கும் லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கால் மரத்துப்போகும். லீவரைப் பூட்டி வைக்கும் வசதி உண்டா என்று கேட்டு, அட்டவணையிலேயே எழுதுங்கள்.

ஒரே தந்தியில் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து அமுங்கும் இடங்களையும் வட்டமிடுங்கள். ஐந்தாம் தந்தியில் ஏ-பெடலும் பி ஃப்ளாட் லீவரும் சேர்ந்தால் சி வர வேண்டும். தானாகத் துல்லியமாக வராது. இதைச் சரிசெய்ய ஸ்பிளிட் திருகு தேவை. ஆர்டரில் குறிப்பிடாவிட்டால் சில கருவிகளில் வராது.

6. இழுவையின் கனமும் உட்காரும் உயரமும்

அடியில் குறுக்குத் தண்டில் இருக்கும் பெல் கிராங்கில் (இழுகம்பியை மாட்டும் சிறு நெம்புகோல்) பல ஓட்டைகள் உண்டு. தண்டிலிருந்து தள்ளிய ஓட்டையில் கம்பியை மாட்டினால் பெடல் குறைந்த தூரத்தில் வேலையை முடிக்கும், ஆனால் கனமாக மிதிக்க வேண்டும். சேஞ்சர் பக்கம் இதற்கு நேர்மாறு: அச்சிலிருந்து தள்ளிய ஓட்டை இலகு, ஆனால் தூரம் அதிகம். சி-பெடல் இரண்டு தந்திகளை இரண்டு அரைச் சுரம் ஏற்றுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஒன்று முந்தினால் நடுவில் அபசுரம் கேட்கும். சரிசெய்யும் இடம் இந்த ஓட்டைகள்தான். சேஞ்சர் முனையில் பெடல் சுரத்தை வைக்கும் நைலான் நட்டைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது.

உங்கள் உயரம், நாற்காலியின் உயரம், தரையிலிருந்து முழங்கால் மேல்மட்டம் வரையான அளவு ஆகிய மூன்றையும் ஆர்டரோடு அனுப்புங்கள். வாசிக்கும்போது போடும் காலணியோடு அளவெடுக்க வேண்டும். குளிருக்காகத் தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் போட்டு வாசித்தால் ஏ, பி பெடல்களுக்கு நடுவில் பாதம் உணர்வில்லாமல் நிற்கும். மெல்லிய தட்டையான காலணி நல்லது.

7. 12 தந்திக்கான கூடுதல் சாமான்

நீட்டித்த ஈ9-இல் 12-ஆம் தந்திக்கு 054 அளவில் சுற்றுத்தந்தி. யுனிவர்சலில் 11-க்கு 054, 12-க்கு 068 அல்லது 070. கருவியை ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். இடது கோடியில் தந்திகளைத் தாங்கும் நட்டில் உள்ள உருளைகள் அந்தந்தத் தந்தியின் கனத்துக்கேற்ப வெட்டப்பட்டவை. எல்லாத் தந்திகளின் மேல்மட்டமும் ஒரே கோட்டில் நின்றால்தான் பார் சமமாக உட்காரும். 036 உட்கார்ந்த உருளையில் 054-ஐ மாட்டினால் அது எழும்பி நிற்கும், பக்கத்துத் தந்தி இரையும். உருளைகளையும் சேர்த்து வாங்குங்கள்.

பார் 10 தந்திக்கு 7/8 அங்குல விட்டம். 12 தந்திக்கு 15/16 அல்லது 1 அங்குலம், நீளமும் சற்றே அதிகம் வேண்டும். வால்யூம் பெடல், கட்டைவிரல் பிக் ஒன்று, விரல் பிக் இரண்டு. ஆம்ப்ளிஃபயரை அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் சொருகினால் புகைந்துவிடும். இங்கே கிடைக்கும் ஓவர்லோடு ஆகாத நல்ல கீபோர்டு ஆம்ப் போதும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் ஒரு ஸ்டெபிலைசரும் வையுங்கள்.

8. செலவு, சுங்கம், ஆவணங்கள்

மூன்று பெடல், நான்கு லீவர் உள்ள கற்போர் கருவி புதிதாக 1,000 டாலருக்கு மேல். தொழில்முறை 12 தந்திக் கருவி 4,000 டாலருக்கு மேல். இது அங்குள்ள விலை மட்டுமே. சுங்கம் கருவியின் விலையோடு சரக்குக் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டிய தொகை மீது விழும். கருவி 4,000, சரக்கு 500, காப்பீடு 50 என்றால் கணக்கு 4,550-இல் தொடங்கும். அந்தத் தொகையோடு சுங்க வரியைக் கூட்டிய பிறகு அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. விகிதங்கள் பட்ஜெட்டில் மாறக்கூடியவை; ஆர்டர் கொடுக்கும் வாரத்தில் சுங்கத் தரகரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் ஒதுக்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்: வரிசை எண்ணும் தயாரித்த நாடும் குறித்த இன்வாய்ஸ், பணம் செலுத்திய வங்கிச் சான்று, கூரியர் கேட்கும் கே.ஒய்.சி-க்கு ஆதார் அல்லது பாஸ்போர்ட்டும் பான் அட்டையும், கருவியின் விவரத் தாள். மின்ஒலியில் இயங்கும் கிட்டார்கள் சுங்க அட்டவணையில் 9207 தலைப்பில் வரும்; தந்திகளும் பாகங்களும் 9209. தந்திகளையும் கருவியையும் ஒரே வரியில் எழுதினால் விளக்கம் கேட்டு நிறுத்தி வைப்பார்கள், கிடங்கு வாடகை ஏறும். தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். கருவி சேதமானால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

பழைய கருவி மலிவு என்று அவசரப்பட வேண்டாம். மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருள்களை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வணிகக் கொள்கைப்படி அனுமதி தேவை. கூரியரில் அனுப்பி மாட்டிக்கொள்வதைவிட முன்கூட்டியே கேட்பது நல்லது. உறவினர் விமானத்தில் கொண்டுவருவது தனி வழி. ஒற்றைக் கழுத்துக் கருவி பெட்டியோடு 23 கிலோ வரம்பை ஒட்டியே வரும். கால்களையும் பெடல் தண்டையும் கழற்றி வேறு பெட்டியில் போட்டால் சமாளிக்கலாம். சிவப்பு வழியில் போய் அறிவிக்கச் சொல்லுங்கள். கட்டிய வரியின் ரசீது பிற்பாடு விற்கும்போதும் வேண்டும்.

9. எப்போது வரவழைப்பது

ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதை நெரிசல், ஒருவழிப் போக்குவரத்து மாற்றங்கள் காரணமாக விநியோகம் தாமதமாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கடுமை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்சரிவோடு வரும். ஆர்டருக்குச் செய்துதரும் கருவிகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். முடிக்கும் மாதத்தைக் கேட்டு, மழைக்காலத்தில் விழுந்தால் சில வாரம் வைத்திருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரில் போய் நீங்களே எடுத்துவருவதாக இருந்தால், வெளிமாவட்டப் பதிவு எண் வண்டிக்கு நீலகிரி நுழைய இ-பாஸ் வேண்டும். பெட்டியைப் படுக்கவைத்து, சேஞ்சர் இருக்கும் கனமான முனை நகராதபடி கட்டுங்கள். மேலே வந்ததும் உடனே திறக்க வேண்டாம். சமவெளி வெயிலிலிருந்து குளிருக்கு வந்த உலோகத்தில் ஈரம் கோக்கும்; ஒரு இரவு மூடியே இருக்கட்டும்.

10. திறந்த முதல் நாள் சோதனை

ட்யூனரை மாட்டி, ஒவ்வொரு பெடலையும் லீவரையும் பத்துமுறை மிதித்து விடுங்கள். தந்தி பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இரண்டு, மூன்று சென்ட்டுக்கு (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேல் விலகி நின்றால் எங்கோ உராய்வு இருக்கிறது, அல்லது இறக்கத்தின் திரும்பு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அடுத்து எட்டாம் தந்தியை மீட்டிக்கொண்டே ஏ, பி பெடல்களை மிதியுங்கள். பெட்டி வளைவதால் அது சில சென்ட் இறங்குவது எல்லாக் கருவியிலும் உண்டு. பத்துக்கு மேல் போனால் படம் எடுத்து அன்றே விற்றவருக்கு அனுப்புங்கள். அட்டவணையைக் கையில் வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் டிக் அடியுங்கள்.

திறந்த சுரங்களை இடது கோடி ஆணிகளில் வையுங்கள், பெடல் சுரங்களை வலது கோடி நைலான் நட்டுகளில். ஈ, பி இரண்டையும் ட்யூனர் நேராகவே வைக்கலாம். ஜி ஷார்ப்பை ட்யூனர் காட்டும் நடுவில் வைத்தால் கார்ட் புளிக்கும். சுத்தமான மேஜர் மூன்றாம் சுரம் ட்யூனர் அளவைவிட 14 சென்ட் கீழே இருக்கிறது. தனியாக வாசிக்கும்போது காதால் கேட்டு அங்கே வையுங்கள். கீபோர்டோடு வாசிக்கும்போது 5 முதல் 8 சென்ட் கீழே வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஏ-பெடலின் சி ஷார்ப்பும் எஃப் லீவரின் எஃப்-உம் இதே போலச் சற்றுக் கீழேதான். காலைக் குளிரில் வைத்த சுருதி வெயில் ஏறியதும் இறங்கும். ஆராதனைக்கு அரைமணி முன்பே கருவியை அந்த அறையில் வைத்துவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள்.

11. வீட்டில் இருக்க வேண்டிய உதிரிகள்

அதிகம் அறுவது மூன்றாம் தந்தி. பி-பெடல் ஒவ்வொரு முறையும் அதைச் சேஞ்சர் வளைவில் மடக்குகிறது. 011 தனித்தந்தி ஒரு டஜன் வாங்கி வையுங்கள். முழு செட் 12 முதல் 25 டாலர். வருடத்துக்கு நான்கு செட்டை ஒரே பார்சலில் வரவழைத்தால் சரக்குக் கட்டணம் மிச்சம். அவசரத்துக்கு மின்கிட்டாரின் பிளெயின் தந்திகள் 011, 013, 014, 017 சரியாகப் பொருந்தும். அக்கூஸ்டிக் கிட்டாரின் வெண்கலச் சுற்று மட்டும் வேண்டாம். பிக்அப் அதைச் சரியாகப் பிடிக்காது.

நைலான் நட்டு ஆறு, திரும்பு ஸ்பிரிங் இரண்டு, பெல் கிராங்க் திருகு சில. அமெரிக்கக் கருவிகளில் ஆலன் திருகுகள் அங்குல அளவு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் சாவி ஏறக்குறைய பொருந்துவதுபோல் இருக்கும், இறுக்கும்போது திருகின் தலையைத் தேய்த்துவிடும். அங்குல அளவு ஆலன் சாவி செட்டைக் கருவியோடே வாங்குங்கள். இழுகம்பியோ குறுக்குத் தண்டோ வளைந்தால் பழையதை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு நல்ல லேத் பட்டறைக்குப் போனால் அதே அளவில் கடைந்து கொடுப்பார்கள்.

மழை மாதங்களில் வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த பருத்தித் துணியால் அடியிலும் சேர்த்துத் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள். சேஞ்சர் அச்சுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு விரலுக்கும் (சேஞ்சரில் தந்தி உட்காரும் பாகம்) ஒரு சொட்டு. அதிகமாகிவிட்டால் தூசியோடு சேர்ந்து பசையாகும். வழிந்ததை அன்றே துடைத்துவிட வேண்டும்.